விளக்குக் கொடிக்கு ஒரு சிரமதானம்

திருகோணமலையில் என்னை முதலில் வரவேற்றது ஒரு மான். பேருந்து நிலையத்துக்கு வெளியே பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கையில் சீனிப் பணிஸ் என்ற இனிப்பு ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரோ முழங்கையை இடித்தார்கள். ஆட்டோக்காரராக இருக்கும் என்று திரும்பாமலே வேண்டாம் என்று தலையசைத்தேன். மறுபடி இடி. திரும்பிப் பார்த்தால் புள்ளிமான். பணிஸில் பாதி அதற்குள் அதன் வாயில் இருந்தது.

தேநீர்க் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையை மூடி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் நாகர்கோவிலில் ஒரு மான் பேருந்து நிலையத்துக்குள் வந்திருந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, வனத்துறை வந்து, கூட்டம் கூடி, கடைசியில் மான் மிரண்டு செத்திருக்கும். இங்கே மான்கள் முனிசிபாலிட்டிக்கு வரி கட்டுபவை போல நடுத்தெருவில் நடக்கின்றன. எனக்குப் பொறாமையாக இருந்தது. பணிஸ் போன எரிச்சலும் கூடவே இருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டிலேயே சிரித்தார்கள். ஒரு கொடியின் முன்னால் நின்று, 'ஆமாம், இது அதுதான்' என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்காகவா கடல் தாண்டிப் போகிறாய் என்று கணவர் கேட்டார். நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்ததும் இதே மாதிரிக் காரியம்தானே என்றேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கடற்கரை மணலில் வளரும் செடிகள்தான் என் படிப்பு. கட்டைபறிச்சானைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அங்கே அறிவியல் ஆசிரியையாக இருக்கும் யோகேஸ்வரி, சுருக்கமாக யோகா, ஒரு நாள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். மெல்லிய கொடி, அதில் மேலே பார்த்து நிற்கும் சின்னச் சின்னப் பூக்கள், கிளை விளக்கில் திரி நிற்பதுபோல. ஊரில் அதை விளக்குக் கொடி என்கிறார்களாம். லத்தீன் பெயரைச் சொன்னால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆனால் படத்தைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இலங்கையில் அது இன்னும் இருக்கிறதா என்றே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கொடி அது.

அந்த ஊருக்குப் பின்னால் உள்ள மணல்மேடும் புதர்க்காடும் அரச காணி. மணலில் கறுப்பாக மின்னும் தாது இருக்கிறது. அதை அள்ள ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. இழக்கக்கூடாத ஏதாவது அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சுற்றாடல் அதிகாரி ஒருவர் வரப்போகிறார். படம் மட்டும் போதாது, செடி நிற்கும் இடத்திலேயே அதைப் பார்க்க வேண்டும், இன்னது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று அவர் யோகாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஒருவர்தான் நான்.

எங்கள் குமரிக் கடற்கரையிலும் தாது மணல் அள்ளினார்கள். நான் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு மேட்டை அள்ளி, பிரித்து, மிச்ச மணலைத் திரும்பக் கொட்டி, மேலே சவுக்கு நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கிறது. அங்கே முன்பு நின்ற செடிகளில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை.  யோகாவின் படத்தைப் பார்த்தவுடன் பெட்டி கட்டியதற்கு அதுதான் காரணம்.

முதல் நாள் மாலை யோகா வந்து என்னை ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் மேலுள்ள அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். நாற்பதை நெருங்கும் பெண், ஒல்லி, பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வாள். ஜன்னல் வழியே உள்துறைமுகம் தெரிந்தது. கப்பல்கள் அசையாமல் நின்றன. நம் ஊர்க் கடலைப் போல இரைச்சல் இல்லை. தண்ணீர் ஏதோ யோசனையில் இருப்பதுபோல இருந்தது.

அதிகாரி சிங்களப் பெண். என்னைவிட மிகவும் இளையவர். காலணியில் சேறு காய்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அரைகுறைத் தமிழில் பேசினார், அது தீர்ந்ததும் சிங்களத்துக்குத் தாவினார், யோகா மொழிபெயர்த்தாள். நாளை மறுநாள் காலையில் வருவேன் என்றார். அன்றே பார்த்து முடித்து அறிக்கையை அனுப்ப வேண்டும், இன்னொரு முறை வரத் தனக்கு அனுமதி கிடைக்காது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும் என்றார். நாங்கள் எழுந்தபோது அவர் தன் உதவியாளரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் யோகா அதைச் சொல்லிச் சிரித்தாள்: "இந்த அம்மா கடலைத் தாண்டி வந்திருக்கிறா. நாங்கள் மலையை விட்டு இறங்க மாட்டமோ எண்டு கேட்டவ."

இரவுக்கு இடியப்பம். நாங்கள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடுவதை இவர்கள் சொதியும் காரமான சம்பலும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சம்பலைப் பார்த்துப் பயந்தேன். பிறகு மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் நளீமின் ஓட்டோவில் கிளம்பினோம். நளீம் மூதூர்க்காரர். யோகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். பெரிய வயிறும் மெல்லிய குரலும். சீனன்குடா விமானப்படைத் தளத்தைக் கடக்கும்போது வேலியும் தடைப்பலகையுமாக இருந்தது. நான் கைபேசியைத் தூக்கியதைக் கண்ணாடியில் பார்த்து, படம் எடுக்க வேண்டாம் என்று நளீம் பணிவாகச் சொன்னார். அவருடைய மச்சானுக்கு அங்கே உள்ளே கன்டீனில் வேலை. அந்த மச்சான் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்றார்.

"கம்பெனி வந்தா வேலை வரும் எண்டு எங்கட பக்கத்தில ஆக்கள் கதைக்கிறாங்க மிஸ். பொய் எண்டு சொல்ல ஏலாது. பசிக்கிறவன்ட்ட பூவப் பத்தி என்னத்தச் சொல்ற?"

 மணல் போனால் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வரும், அந்த உப்புத் தண்ணீரில் எந்த மச்சான் தேநீர் போடுவார் என்று யோகா நளீமைக் கேட்டாள். அவர் சிரித்தார். மேட்டு மணல்தான் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊர்க் கிணறுகளுக்கு விடுகிறது. அந்த மேட்டைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் எழுதாத மனு இல்லை. கிணறு என்று எழுதினால் குழாய்த் தண்ணீர் தருகிறோம் என்று பதில் வருகிறது. யோகா தனியாக விளக்குக் கொடி என்று எழுதிய பிறகுதான் ஒருவர் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். யோகாவுக்கு அந்தக் கொடிதான் கடைசிப் பிடி.

கிண்ணியாவில் நிறுத்தி எருமைத் தயிர் சாப்பிட்டோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே கித்துள் பாணி என்ற கூந்தல்பனைப் பாகு. நம் ஊரில் தயிரை மோராக்கி, மோரைத் தண்ணீராக்கி, அதையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறோம். நான் இன்னொரு சட்டி கேட்டேன். அந்த இன்னொரு சட்டிதான் எங்களுக்கு வினையானது. அதை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனால், முன்னால் ஒடுங்கிய பாலத்தின் குறுக்கே மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று அச்சு முறிந்து கிடந்தது. சற்று முன்னால் வந்திருந்தால் அதற்கு முன்பே கடந்திருப்போம்.

ஆற்று மணல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் எதைத் தடுக்கப் போகிறேனோ அதுவே என் வழியில் வந்து படுத்துக்கொண்டதே என்று நளீமிடம் புலம்பினேன். அவர் அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு, ஓட்டோவை ஒரு மருத மரத்தடியில் நிறுத்திப் பின் இருக்கையை எனக்குப் படுக்கையாக்கித் தந்தார். எதிர்ப்பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து இறங்கியவர்கள் எங்களுக்கு அன்னாசித் துண்டு கொடுத்தார்கள். நாங்கள் கடலை கொடுத்தோம். வெயில் உச்சிக்கு வந்து, சாய்ந்தும்விட்டது.

இடையில் யோகாவுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சின்னத்துரை. அவர் பேசுவது எனக்கே கேட்டது, அத்தனை உரத்த குரல். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ பிள்ளை. ஆறுதலா வாங்கோ. இஞ்ச எல்லாம் வடிவாச் செய்துகொண்டிருக்கிறம்." சமையலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். நண்டு வாங்கியிருப்பார் என்றாள் யோகா.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஊர் எல்லையிலேயே தென்னோலைத் தோரணம். அதைத் தாண்டினால் மணல்மேட்டுக்குப் போகும் பாதை, மாட்டு வண்டியே போகலாம் என்கிற அகலத்தில் புதிதாகத் திறந்திருந்தது. பெரிய மரங்கள் மட்டும் தனித்தனியாக நின்றன. அவற்றின் அடிமரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். தரை முழுக்க ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள். ஒரு சருகு இல்லை.

யோகா ஓட்டோ நிற்கும் முன்பே இறங்கிவிட்டாள்.

சின்னத்துரை எதிரே வந்தார். கட்டை உருவம், மடித்துக் கட்டிய சாரம், தலையில் துண்டு, கையில் இன்னும் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் ஊரே நின்றது, ஆணும் பெண்ணும், வியர்த்து, களைத்து, சந்தோஷமாக. இலங்கையில் சிரமதானம் என்று ஒரு வழக்கம் உண்டு. கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பெரியவர்கள் வருகை என்றால் ஊர் கூடிக் கூலியில்லாமல் இடத்தைத் துப்புரவாக்குவார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருக்கும் பொதுவான நல்ல பழக்கம். நம் ஊரில் இது இல்லையே என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

"அந்த அம்மா கொழும்பால படிச்சு வந்தவ. பத்தைக்குள்ள பாம்பு பூச்சிக்க எப்பிடி நடப்பா? அந்த அருமையான செடி எங்க நிண்டாலும் கண்ணில படவேணும் எண்டுதான் எல்லாத்தையும் வெளிச்சமாக்கினனாங்கள்," என்றார் சின்னத்துரை. "இப்ப ஒரு ஊசி விழுந்தாலும் தெரியும் மிஸ்."

யோகா மேட்டின் அடிவாரம் வரை நடந்து போனாள். ஒரு மரத்தடியில் நின்றாள். இன்னொன்றுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "நல்லாச் செய்திருக்கிறியள் அண்ணை," என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பிடியில் என் விரல்கள் வலித்தன.

வழியில் ஒரு முற்றத்தில் அலுமினியப் பேசின் ஒன்று கவிழ்த்து, மேலே கல் வைத்திருந்தது. உள்ளே ஏதோ சுரண்டியது. சிரமதானத்தில் அகப்பட்ட நட்சத்திர ஆமை. அதுவும் அரிதானது என்று கேள்விப்பட்டு, அதிகாரிக்குக் காட்டப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம், விருந்தாளிக்கு எடுத்துவைத்த பலகாரம்போல. அதைப் பிடித்து வைத்திருப்பதே வழக்குக்குரிய குற்றம் என்று நான் சொன்னதும் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய் விட்டுவிட்டு வந்தார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

குசினி அடுப்படியில் உட்கார்ந்துதான் யோகா அழுதாள். கொடியின் பெயரையோ அது நிற்கும் இடத்தையோ அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி வேண்டும் என்பவர்கள் யாராவது ராவோடு ராவாகப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று பயம். 'அருமையான செடி ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க வருகிறார்கள்' என்று மட்டும் சங்கத்தில் சொல்லியிருந்தாள். ஊரார் ஏதோ தாமரை அளவுக்குப் பெரிய பூவை எதிர்பார்த்தார்கள். மேட்டுப் புதர்களில் நாளும் கண்ணில் படும் விளக்குக் கொடி யார் மனதில் வரும்?

"ஆரும் களவாப் பிடுங்கிப் போடுவினம் எண்டு பயந்தன் மிஸ். இப்ப நானே ஊரைக் கொண்டு பிடுங்குவிச்சுப் போட்டன்."

என்ன சொல்லித் தேற்றுவது? நானாக இருந்தாலும் இடத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். அரிய செடியின் இடத்தை வெளியே விடாதே என்றுதான் எங்களுக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். வெட்டியதையெல்லாம் கடற்கரையில் குவித்து எரித்துவிட்டார்கள் என்று தெரிந்து, இருவரும் போய்ச் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தோம். கிழங்கு கிடைத்தால் அதிலிருந்து கொடி மறுபடி முளைக்கும். ஆனால் கிழங்கும் இல்லை, கொடியும் இல்லை. மேட்டிலும் தேடினோம். மண்வெட்டியும் ஈர்க்கும் போன தரையில் எந்தப் பொட்டு எந்தச் செடியின் அடி என்று எனக்கே தெரியவில்லை. சின்னத்துரையிடம் இதைச் சொல்ல யோகாவுக்கு மனம் வரவில்லை. பாவம், வயசான மனுசன், நாளெல்லாம் முறிஞ்சு போய் நிக்கிறார் என்றாள். அதிகாரியிடம் காலையில் உள்ளதைச் சொல்வது, அவர் எழுதுகிறபடி எழுதட்டும் என்று முடிவு செய்தோம். சின்னத்துரை வீட்டிலிருந்து நண்டுக் கறி வந்தது. அப்படிப்பட்ட கறி நான் அதுவரை சாப்பிட்டதில்லை. அதை ரசிக்க முடியாமல் போனதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டங்களில் ஒன்று.

மூன்றாம் நாள் காலை அதிகாரியின் ஜீப் தோரணத்தடியில் வந்து நின்றது. நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைக்குலை எல்லாம் வைத்திருந்தார்கள். பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டும் பவளம் என்ற பெண் முன்னால் வந்து அதிகாரியின் கழுத்தில் மாலையைப் போட்டாள். அதிகாரி கும்பிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார். சுண்ணாம்பு பூசிய மரங்களைப் பார்த்தார். உதவியாளரிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னதை யோகா என் காதில் சொன்னாள்: 'இங்கே எதைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்? பள்ளிக்கூட மைதானம்போல அல்லவா இருக்கிறது?'

யோகா சொல்லத் தொடங்க வாயைத் திறந்தாள். அதிகாரி மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். செவ்வரத்தை என்று இவர்கள் சொல்லும் செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் வைத்துக் கட்டிய மாலை. இடையிடையே இலைக்குப் பதிலாக ஒரு கொடியைச் சுற்றியிருந்தாள் பவளம். கொடியில் கொத்துக் கொத்தாக, மேலே பார்த்து நிற்கும் சின்னப் பூக்கள்.

"அசையாதீர்கள்," என்று கத்தினேன்.

கழுத்தில் பூரான் ஏதோ ஊர்கிறது என்று நினைத்து அதிகாரி வெளுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். கடல் தாண்டி வந்த காரியத்தை, ஒரு அதிகாரியின் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு செய்து முடித்தேன். ஆமாம், இது அதுதான்.

அதிகாரி கண்ணைத் திறந்து, நான் சொன்னதைக் கேட்டு, மாலையை மெதுவாகக் கழற்றி, பூவை நன்றாகப் பார்த்தார். தன்னிடமிருந்த படத்தோடு ஒப்பிட்டார். பூ சரிதான் என்றார். ஆனால் பூவை எங்கிருந்தும் கொண்டுவரலாம், அது நின்ற இடம் எது? யார் பறித்தது? உதவியாளர் பேனாவைத் திறந்தார்.

 பவளம் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதிகாரி பேனாவோடு வந்து 'யார் செய்தது' என்று கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பதை இந்த ஊர் பல வருடங்கள் பட்டுப் படித்திருக்கிறது. அரச காணியில் காப்பாற்ற வேண்டிய செடியைப் பிடுங்குவது குற்றம். முந்தைய நாள் ஆமையைப் பற்றி நான் சொன்னது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

யோகாதான் பேசினாள். ஊராரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அருமையான செடி விளக்குக் கொடிதான். நேற்று வெட்டியது அதைத்தான். அது நின்ற இடத்தைக் காட்டாவிட்டால் இங்கே எதுவும் இல்லை என்றுதான் இந்த அம்மா எழுத வேண்டிவரும்.

சின்னத்துரையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டதைக் கடைக்கண்ணால் கண்டேன். "விளக்குக் கொடியோ," என்றார் தனக்குள். பிறகு முன்னால் வந்தார்.

"அம்மா, சிரமதானம் வைச்சது நான். வெட்டச் சொன்னதும் நான். பேர் எழுதிறதெண்டா என்ர பேரை எழுதுங்கோ. இந்தச் சனத்தை ஒண்டும் கேளாதேங்கோ."

சொல்லிவிட்டு அதிகாரியின் பதிலுக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடந்தார். வலப்பக்கம் ஒரு பாலை மரம். அதற்கு இந்தப் பக்கமாக வந்து நின்றார். இடம் சரியாக இல்லை போலிருக்கிறது, இரண்டடி தள்ளி நின்றார். "இஞ்ச ஒண்டு," என்றார்.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பவளம் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். நடந்து போய் மேட்டின் மறுபக்கத்தில் வெட்டிய புதரின் கட்டை ஒன்றின் பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவர், பிறகு கணவனும் மனைவியுமாக இருவர். அவர்கள் எந்த இடம் என்று தங்களுக்குள் சண்டைபிடித்து, கடைசியில் மனைவி சொன்ன இடத்தில் நின்றார்கள். மண்வெட்டி பிடித்தவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் தன் கை எங்கே குனிந்தது என்று நினைவிருந்தது. இடுப்பு வலி அவர்களுக்குச் சொன்னது. சற்று நேரத்தில் அந்த மொட்டை மேடு முழுக்க ஆங்காங்கே மனிதர்கள் முளைத்து நின்றார்கள்.

அதிகாரி காலணியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு மணலில் நடந்தார். ஒவ்வொருவர் காலடியிலும் குந்தி விரலால் மணலை விலக்கினார். கத்தியால் வெட்டிய இடங்களில் மண்ணுக்குள் கிழங்கு அப்படியே இருந்தது, மேலே வெட்டுப்பட்ட காம்போடு. நான் பார்த்துத் தலையசைக்க, அவர் கருவியில் இடத்தைக் குறித்துக்கொள்ள, உதவியாளர் படம் எடுத்தார். யார் பெயரையும் கேட்கவில்லை. வெயில் ஏறியது. நிழலுக்குப் போகலாம் என்று அதிகாரி சொல்லியும் யாரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் மாறிவிடும் என்றார்கள். நளீம் ஒரு வாளியில் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஆளாளாகப் போய்க் கொடுத்தார். அவர் எதையும் வெட்டவில்லை, நிற்க இடமில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்தது போலத் தெரிந்தது.

கடைசியாகச் சின்னத்துரையிடம் வந்தோம். அதிகாரி விலக்கினார். மணல்தான் வந்தது. நான் குந்தி இன்னும் ஆழமாக விலக்கினேன். கிழங்கு இல்லை. மற்றவர்கள் கத்தியால் வெட்டினார்கள், இவர் மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்திருக்கிறார். நன்றாகச் செய்ய வேண்டும் என்று செய்தவர்.

"இஞ்சதான் நிண்டது," என்றார். குரல் உடைந்திருந்தது. "அப்ப என்ர இடத்தைக் கணக்கில எடுக்க மாட்டியளோ?"

யோகா அதைச் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி குந்தியபடியே அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்த இடத்தையும் குறித்துக்கொண்டார்.  அழக்கூடாது என்று கடலைப் பார்த்தேன். கடலும் உதவவில்லை.

அன்று மதியம் அதே நண்டுக் கறி. இந்த முறை வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். நான்காம் நாள் காலையில் கிளம்பும்போது பவளம் எனக்கும் ஒரு மாலை கட்டிப் போட்டாள். செவ்வரத்தை மட்டும். கொடி எதுவும் சுற்றவில்லை என்பதை இரண்டு தரம் திருப்பிக் காட்டினாள். திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் அந்த மாலையையும் ஒரு மான் தின்றுவிட்டது.

அதிகாரி தான் கண்டதைக் கண்டபடி எழுதினார். அந்த மேட்டைத் தொடக்கூடாது என்பது அவருடைய பரிந்துரை. கொழும்பில் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரை மணல் அள்ள அனுமதியும் இல்லை. நளீமின் மச்சான் மகள்களில் ஒருத்திக்கு வேலை கிடைத்திருக்கிறது, மற்றவளுக்கு இன்னும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு யோகாவிடமிருந்து படங்கள் வந்தன. அவரவர் நின்ற இடத்தில் அவரவரே ஒரு தடி நட்டு வைத்திருக்கிறார்கள். தடிக்குத் தடி விளக்குக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. பவளத்தின் கொடி, கிழவரின் கொடி என்று ஆட்களின் பெயரால்தான் இப்போது சொல்கிறார்களாம். எதற்கு முதலில் பூ வரும் என்று ஊருக்குள் போட்டி வேறு. சங்கத்தில் புதுத் தீர்மானம், சிரமதானம் வைப்பதானால் முதலில் டீச்சரைக் கேட்க வேண்டும்.

கடைசிப் படத்தில் பாலை மரம் இருந்தது. அதன் அடியில் சுண்ணாம்பு மழையில் கரைந்துபோயிருந்தது. பக்கத்தில் ஒரு தடி, மற்றவற்றைவிட உயரமானது, சுற்றிலும் ஆடு வராமல் முள் அடைத்திருந்தது. உள்ளே வெறும் மணல்.

'சின்னத்துரை அண்ணை விடியக் காலமை ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கிறவர்' என்று யோகா கீழே எழுதியிருந்தாள். 'முளைக்காது எண்டு அவருக்கு நான் இன்னும் சொல்லேல்ல. நீங்களும் சொல்லாதேங்கோ மிஸ்.'